கொள்ளைநோயும் ஒரு தபால் அட்டையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, நேரமின்மையால் மேடையில் விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



"வெப்ப நாடுகளில் தொற்றுநோய்கள் எப்படிக் கிளம்புகின்றன, எப்படிப் பரவுகின்றன" என்ற தலைப்பில் நான் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் போனில் சொன்னார். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். முன்னால் என்றார். "நான் பேசப்போறது வாந்திபேதியைப் பத்தி, பரவாயில்லையா?" என்றேன். "நீங்க பேசுங்க சார், சாப்பிடறவங்க சாப்பிடட்டும்" என்று போனை வைத்துவிட்டார். ஆகவே பழி என்மேல் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் வந்ததும் நான் முதலில் போனது மேடைக்கு அல்ல, சமையல் கொட்டகைக்குத்தான். தண்ணீர் எங்கே பிடித்தது, குளோரின் போட்டதா என்று கேட்டுவிட்டேன். நிம்மதியாகச் சாப்பிடலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் கீழ்பென்னாத்தூர்க்காரன். 1974 முதல் 1977 வரை இங்கே விலங்கியல் படித்தவன். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் படிக்கட்டிலேயே மூன்று வருடம் பட்டப்படிப்பு முடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் பேராசிரியர் ஒருவர் கல்லூரிக்குப் பின்னால் இருந்த குட்டைக்கு எங்களை அழைத்துப் போவார். நீண்ட கைப்பிடி வைத்த கரண்டியால் தண்ணீரை மொண்டு, அதில் எத்தனை கொசுப்புழு இருக்கிறது என்று எண்ணச் சொல்வார். பத்துக் கரண்டி, பத்து எண்ணிக்கை, அப்புறம் சராசரி. "இதை எண்ணி என்னடா ஆகப்போகுது" என்று முணுமுணுத்துக்கொண்டே எண்ணுவோம். பிற்பாடு பொது சுகாதாரத் துறையில் சேர்ந்து 1980 முதல் 2013 வரை அதையே எண்ணித்தான் சம்பளம் வாங்கினேன்.

எபிடமியாலஜி என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். தமிழில் நோய்ப்பரவலியல். 2020-இல் கொரோனா வந்தபோது டீக்கடையில்கூட வளைகோடு, தொற்று விகிதம் என்று பேசினார்கள். அதற்கு முன்னால் இந்தச் சொல்லை யாரும் சீந்தியதில்லை. டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். நோய்ப்பரவலியல் ஊரைப் பார்க்கிறது. யாருக்கு வந்தது, எங்கே வந்தது, எப்போது வந்தது என்ற மூன்று கேள்விதான் அதன் அரிச்சுவடி. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் காலராவில் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, ஒரு தெருக்குழாயின்மேல் சந்தேகம் வைத்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். காலராக் கிருமிதான் காரணம் என்று அப்போது அவருக்கு நிரூபணம் கிடையாது. கிருமியைப் பார்க்காமலே அது வந்த வழியைக் கண்டுபிடித்தார்.

லண்டனை விடுங்கள். நான் சொல்ல வந்தது நம்ம பக்கத்துக் கதை.

1983. ஆடி மாதம். கீழ்பென்னாத்தூரிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். காந்திகிராமத்தில் பயிற்சி முடித்து, புத்தம்புது சுகாதாரப் பணியாளனாக நான் அந்த வட்டாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை, காலனிக்குப் போகும் பாதையில் புளியமரத்தடியில் ஒரு அம்மா என் சைக்கிளை நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும். களை வெட்டப் போகிற கோலம்.

"சார், எங்க கடைசித் தெருவுல ரெண்டு பேருக்கு நேத்து ராத்திரிலேர்ந்து பேதி. இன்னிக்குக் காலைல இன்னொருத்தருக்கும். அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி போவுது சார்" என்றார்.

கவனியுங்கள். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த காலரா அடையாளம் அதுதான், வார்த்தைக்கு வார்த்தை. 'ரைஸ் வாட்டர்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா நடு ரோட்டில் அதைச் சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. "ஆடிக் கூழ் நிறைய குடிச்சிருப்பாங்கம்மா. மோர்ல உப்பு போட்டுக் குடுங்க. நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, டைரியில் "பேதி – 3" என்று குறித்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் குடும்பநல முகாம். அந்தக் காலத்தில் அரசு ஊழியர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு இலக்கு என்ற ஒன்று இருந்தது ஞாபகம் இருக்கும், அதற்கு முன்னால் வேறு எதுவும் நிற்காது. அதற்கு மறுநாள் மாதாந்திரக் கூட்டம். நான்காம் நாள் ஊர்த்தெருவில், வசதியான ஒரு விவசாயி வீட்டில் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். உடனே போன் போயிற்று, ஜீப் வந்தது, டாக்டர் வந்தார், பிளீச்சிங் பவுடர் மூட்டை வந்தது. ஊர்த்தெருவுக்கு வந்தபிறகுதான் அந்த நோய்க்குக் காலரா என்ற பெயரே வந்தது. அதற்குள் காலனியில் 17 பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் இறந்துபோனார். என் சைக்கிளை நிறுத்திய அம்மாவின் மகன். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள்.

காலரா கெட்டிக்காரக் கிருமி. தொற்றிய பலருக்கு ஒன்றுமே தெரியாது, அல்லது லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஆனால் கிருமி அவர்கள் வழியாக வெளியே வந்துகொண்டிருக்கும். பிடித்துக்கொண்ட சிலருக்கோ சில மணி நேரத்தில் உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வடிந்துவிடும். கண் குழி விழுந்து, குரல் கம்மி, விரல் நுனி சுருங்கிவிடும். அந்த நிலைமையில் மருந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகாலானபிஸ் என்ற டாக்டர், சலைன் பாட்டில் தீர்ந்துபோன நெருக்கடியில், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த சாவு, அவர் பார்த்த நோயாளிகளிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. இன்றைக்கு நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இது அந்த அம்மாவின் வீட்டில் அன்றைக்கே செய்திருக்கக்கூடிய காரியம். சொல்ல வேண்டிய நான் மோர் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

எங்கள் மெடிக்கல் ஆபீசர் என் டைரியை வாங்கிப் புரட்டினார். "பேதி – 3" என்ற வரியில் விரலை வைத்து, "இது என்ன தேதி?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தார். பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு ஊர்ப்படம் வரையச் சொன்னார். தெரு, வீடு, தண்ணீர்த் தொட்டி, குழாய், அடிகுழாய், சாக்கடை எல்லாம். நோய் வந்த வீட்டுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூழ் கெட்டுப்போச்சு என்றார்கள், அம்மன் கோபம் என்றார்கள், வெளியூர் வியாபாரி கொண்டுவந்தான் என்றார்கள். டாக்டர் என்னிடம், "சீக்கானவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்கறது சரி. சீக்காகாதவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை. போய்க் கேட்டேன். கூழ் எல்லோரும்தான் குடித்திருந்தார்கள், நோய் வந்தவர்களும் வராதவர்களும். தண்ணீரில்தான் வித்தியாசம் தெரிந்தது. அடிகுழாயில் பிடித்த வீடுகளில் அநேகமாக நோய் இல்லை. சிவப்புப் புள்ளி எல்லாம் குழாய்க் கடைசியில் விழுந்தது.

நோய் வந்தவர்களை மட்டும் எண்ணினால் அது பாதிக் கணக்குதான். வராதவர்களையும் எண்ணி ஒப்பிட்டால்தான் காரணம் கிடைக்கும். நோய்ப்பரவலியலில் நான் படித்த புத்தகங்கள் அத்தனையிலும் இதுதான் விதவிதமான கணக்குகளாக இருக்கிறது.

ஏன் கடைசியில்? மேல்நிலைத் தொட்டி ஊர்ப்பக்கம் இருந்தது. குழாய் ஊர்த்தெருவெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகக் காலனிக்குப் போகும். அங்கே போய்ச் சேருவதற்குள் தண்ணீருக்கு வேகம் இருக்காது. அதனால் குழாயைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, குழாயைத் தாழ்வாக வெட்டி, குடத்தைப் பள்ளத்துக்குள் இறக்கிப் பிடிப்பார்கள். தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, பள்ளத்தில் தேங்கிய அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் ஒரு இணைப்பும் கசிந்துகொண்டிருந்தது. கிணறு கிணறாகப் பிளீச்சிங் பவுடர் கொட்டினோமே தவிர, தொட்டியில் போட வைத்திருந்த பவுடர் மூட்டை வாய் திறந்து கிடந்து வீரியம் போய்க் கட்டியாகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் என்று கணக்கெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பவுடரில் குளோரின் இருந்தால்தானே கணக்கு? குழாய்க் கடைசியில் பிடித்த தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் பரீட்சை. தொட்டிக்குப் பக்கத்தில் சோதித்துவிட்டு "சரியாக உள்ளது" என்று ரெஜிஸ்டரில் எழுதுவது என்ன பரீட்சை! இன்றைக்கும் பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் டாக்டரின் மேஜையில் ஒரு சின்னப் பத்திரிகையைப் பார்த்தேன். அப்போது நாமெல்லாம் வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-இல்தான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் என்ற வைரஸ் ஆராய்ச்சியாளர் இருந்தார். மாவட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகள், டாக்டர்கள் எல்லோரிடமும் அச்சடித்த தபால் அட்டைகளைக் கொடுத்துவைக்கும் ஒரு முறையை 1980-களில் அவரும் அவருடைய குழுவினரும் ஏற்பாடு செய்தார்கள். போலியோ, மூளைக்காய்ச்சல், காலரா, தொண்டை அடைப்பான், தட்டம்மை என்று குறிப்பிட்ட நோய்களில் ஒன்று என டாக்டருக்குத் தோன்றினால் போதும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். நோயாளியின் வயது, ஊர், நோய் ஆகியவற்றை அட்டையில் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். அந்த அட்டைகளையெல்லாம் தொகுத்து மாதாமாதம் ஒரு செய்தி மடலாக, அட்டை போட்டவர்களுக்கே திருப்பி அனுப்புவார்கள்.

அந்தக் கடைசி விஷயம்தான் அதன் சூட்சுமம் என்பது என் அபிப்பிராயம். நாங்கள் அரசாங்கத்தில் எத்தனையோ படிவம் அனுப்புவோம், மூன்று பிரதி, நான்கு பிரதி. கிணற்றில் போட்ட கல் மாதிரி, எதுவும் திரும்பி வராது. திரும்பி வருவதெல்லாம் மெமோதான். இங்கேயோ ஒரு சின்ன ஊர் டாக்டர் போட்ட அட்டை, அடுத்த மாதம் அவர் கைக்கே செய்தியாக வருகிறது: உங்கள் ஊரில் ஒன்று, பக்கத்துத் தாலுகாவில் நான்கு. அதைப் பார்த்தவர் அடுத்த அட்டையைத் தானாகவே போடுவார். தந்தி, போன்கூடச் சரியாக இல்லாத காலத்தில், மிகக் குறைந்த செலவில் இது நடந்தது. 1998-இல் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழில், வளரும் நாடுகளுக்கு ஒரு முன்மாதிரி என்று இதைப்பற்றிய கட்டுரை வெளியானது. பின்னால் கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்திலும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள்.

தபால் அட்டைக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று கேட்பீர்கள். மூளைக்காய்ச்சலை எடுத்துக்கொண்டால் புரியும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும், இந்தியாவில் நோயாளிகளிடம் அது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது நம் பழைய வட ஆற்காட்டில், 1955-இல் வேலூரில். நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் வகைக் கொசு இதைப் பரப்புகிறது. வயலுக்கு வரும் கொக்கு, நாரையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் கிருமியை எடுத்துவந்து குழந்தையைக் கடிக்கிறது. கிருமி மனிதனோடு நின்றுவிடும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது. தொற்றியவர்களில் சுமார் 250 பேருக்கு ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. அப்படி மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துபோகலாம். பிழைத்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கை கால் வராமலோ, பேச்சு வராமலோ, புத்தி மந்தப்பட்டோ போய்விடுவதுண்டு.

இதன் விளைவு என்ன? காலரா மாதிரி ஒரே தெருவில் 17 பேர் படுக்கமாட்டார்கள். ஊருக்கு ஒரு குழந்தைதான். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊரில் ஒன்று, ஏரிக்கு அந்தப் பக்கம் ஒன்று, பத்து மைல் தள்ளி ஒன்று. அந்தந்த ஊரில் அதைக் 'காத்து கருப்பு' என்பார்கள், வலிப்பு என்பார்கள், மந்திரிப்பார்கள், அழுது முடிப்பார்கள். எந்த ஊர்க்காரருக்கும் அது கொள்ளைநோயாகத் தெரியாது, அவர்கள் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு குழந்தை. பத்து டாக்டர் போட்ட பத்து அட்டையும் ஒரே மேஜையில் வந்து விழுந்தால்தான் கொள்ளைநோய் கண்ணுக்குத் தெரியும். இப்போது குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2006 முதல் படிப்படியாக, நோய் உள்ள மாவட்டங்களில் போட ஆரம்பித்தார்கள்.

தெரிந்த நோய்க்கு இந்தக் கதி என்றால், தெரியாத நோய் வந்தால்? அதுவும் நம் பக்கத்தில்தான் நடந்தது. 1992 அக்டோபரில் சென்னையில் காலரா மாதிரியே ஒரு நோய் கிளம்பியது. மதுரையிலும் வேலூரிலும்கூடக் கண்டார்கள். ஆய்வகத்தில் பார்த்தால் காலராக் கிருமி மாதிரியே இருக்கிறது, ஆனால் காலராவுக்கென்று வைத்திருக்கும் சோதனை மருந்தோடு சேரவில்லை. அதுவரை புத்தகப்படி கொள்ளைநோய் உண்டாக்குவது 'ஓ 1' என்ற ஒரே வகைதான். மற்ற வகையெல்லாம் பெரிதாகப் பரவாது என்று பாடம். இது ஏற்கெனவே எண் கொடுத்து வைத்திருந்த 138 வகைகளில் எதிலும் சேரவில்லை. 139 என்று புது எண் கொடுக்க வேண்டியதாயிற்று. 1993-இன் தொடக்கத்தில் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் ஆயிரக்கணக்கானவர்களைச் சாய்த்தது. அதற்கு 'பெங்கால்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் காட்டிக்கொண்டது தமிழ்நாட்டில், பெயர் போனது வங்காளத்துக்கு. போகட்டும், இந்தப் பெருமையில் பங்கு கேட்க வேண்டாம்.

அந்த வகையில் ஒரு விசேஷம் கவனித்தார்கள். காலரா வழக்கமாக வரும் இடங்களில் பெரியவர்களுக்குப் பழைய தொற்றால் கொஞ்சம் எதிர்ப்பு சக்தி இருக்கும், குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள். இந்தமுறை படுத்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். வயதுக் கணக்கு மாறியதே, "இது பழைய ஆள் இல்லை, புது ஆள்" என்பதற்கு ஒரு சாட்சி. யார், எங்கே, எப்போது என்ற மூன்றில் 'யார்' என்பதன் மதிப்பு அதுதான். உலகம் முழுக்கப் பரவும் எட்டாவது காலரா இதுதான் என்று அப்போது பயந்தார்கள். அப்படி ஆகவில்லை. ஓரிரு வருடத்தில் பழைய வகையே திரும்பத் தலையெடுத்தது.

சிக்குன்குனியாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இங்கே உட்கார்ந்திருக்கிற பல முழங்கால்கள் கோபித்துக்கொள்ளும். 2006-இல் நம் எல்லோரையும் இடுப்பொடித்துப் போட்டதே, அதுதான். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்கச் சுமார் 13.9 லட்சம் பேருக்கு வந்ததாகக் கணக்கு. புது நோய், மர்மக் காய்ச்சல் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் 1964-இலேயே சென்னையிலும் வேலூரிலும் இது பெரிதாக வந்து போயிருக்கிறது. நோயாளிகளின் இரத்தத்திலிருந்தும் கொசுவிலிருந்தும் அந்த வைரஸை அப்போதே வேலூரில் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அந்தக் குழுவில் இருந்த டொனால்ட் கேரி என்பவர் 1971-இல் ஒரு ருசிகரமான கட்டுரை எழுதினார். 1779-இல் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வந்ததாக எழுதிவைக்கப்பட்ட மூட்டுவலிக் காய்ச்சலை எல்லோரும் டெங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது சிக்குன்குனியாவாக இருந்திருக்கலாம் என்றார். 1973-க்குப் பிறகு முப்பது வருடம் இந்தியாவில் அது தலைகாட்டவே இல்லை. அதற்குள் அதைப் பார்த்த டாக்டர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அதைக் கண்டிராத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2006-இல் நான் ஒரு கிராமத்தில் விசாரித்தபோது ஒரு பெரியவர், "இது எனக்குச் சின்ன வயசுல மெட்ராஸ்ல வந்துச்சு சார், இதே மாதிரி கை விரலை மடக்க முடியல" என்றார். நாங்கள் யாரும் அவரிடம் முதலில் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. மழை பெய்தால்தான் கொசு என்று நினைக்கிறோம். சிக்குன்குனியாவையும் டெங்குவையும் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். நம்முடையது வறண்ட பூமி. தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை வந்தால் என்ன செய்கிறோம்? சிமெண்டுத் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். கிரைண்டர் வந்தபிறகு கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, பழைய டயர், எல்லாம் அதற்குச் சொந்த வீடு. முட்டை காய்ந்த தொட்டியில் மாதக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே தண்ணீர்ப் பஞ்சம் வந்தாலும் டெங்கு வரும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் காயவிடச் சொன்னால், "பிடிக்கறதே நாலு நாளைக்கு ஒருதரம், அதைக் கொட்டச் சொல்றீங்களே" என்று பெண்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. மூடி போடுங்கள், துணியாவது கட்டுங்கள் என்று சமாதானம் செய்வேன்.

திருவிழாவைப் பற்றிக் கேட்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார் ஒரு நண்பர். கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. லட்சக்கணக்கானவர்கள் வந்து, 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, கிடைத்த இடத்தில் சாப்பிட்டு, இரண்டு நாளில் நூறு ஊர்களுக்குத் திரும்பிப் போகிறார்கள். அந்தக் காலத்தில் காலரா ஊசி போட்டுக்கொண்டால்தான் திருவிழா ஊருக்குள் விடுவார்களாம், என் அப்பா ஊசிக்குப் பயந்து வயல் வழியாகப் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பழைய ஊசிக்குப் பலன் குறைவு. அதனால் 1973-லிருந்து வெளிநாட்டுப் பயணத்துக்குக்கூட அந்தச் சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் கேட்பதில்லை. குளோரின் தண்ணீரும் கழிப்பறையும் அதைவிட மேல். கூட்டத்தில் தொற்றிய நோய் கூட்டத்தில் தெரியாது என்பதுதான் சிக்கல். காலராவுக்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள்வரை ஆகும், அதற்குள் ஆள் விழுப்புரத்திலோ ஒசூரிலோ இருப்பார். அங்கே ஒருவர், இங்கே ஒருவர். மறுபடியும் அதே 'ஊருக்கு ஒரு ஆள்' கணக்குதான்.

இன்றைக்குத் தபால் அட்டை இல்லை. 2004-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமப் பணியாளர் அறிகுறியைச் சொல்ல ஒரு படிவம், டாக்டர் சந்தேகிக்கும் நோயைச் சொல்ல ஒன்று, ஆய்வகம் உறுதி செய்ததைச் சொல்ல ஒன்று. எஸ், பி, எல் என்று பெயர். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில், செல்போனில் போகிறது. நம் மாநிலத்தில் 1922-லிருந்தே பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்ககம் இருப்பதும், 1939-இலேயே பொது சுகாதாரச் சட்டம் வந்ததும் நமக்குக் கிடைத்த கொடுப்பினை. நானும் கடைசிச் சில வருடங்கள் அந்தப் படிவங்களை நிரப்பினேன். நல்ல திட்டம்தான். ஆனால் "நில்" என்று எழுதி அனுப்பிய படிவங்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நோய் இல்லாத "நில்" வேறு, கேட்காத "நில்" வேறு. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

உங்களில் டாக்டர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், மருந்துக் கடை வைத்திருக்கிறீர்கள். ஒரே வகுப்பில் ஐந்து பிள்ளைகள் ஒரே நாளில் வராவிட்டால் முதலில் தெரிவது ஆசிரியருக்கு. உப்பு சர்க்கரைப் பாக்கெட் ஒரே தெருவுக்கு நிறைய விற்றால் முதலில் தெரிவது கடைக்காரருக்கு. தெரிந்ததை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள், அது முடியாவிட்டால் 104. தப்பாகப் போனால் ஒரு ஜீப் வீணாக வந்து போகும், அவ்வளவுதானே.

நேரம் ஆகிறது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்த அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மகனுடைய காரியம் முடிந்து, பத்துப் பதினைந்து நாள் கழித்து நான் போனபோது அவர் வீட்டு வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர்தான் பேசினார். "நான் அன்னிக்கே சொன்னேனே சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆமாம்மா, சொன்னீங்க என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முதலில் அவர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்துவது என் வழக்கமாகிவிட்டது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக் குழந்தை சாப்பிடவில்லை, எந்தக் குழாயில் கலங்கலாக வருகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். சில வருடம் கழித்து ஒரு கார்த்திகை மாதம், "கரையோர வீட்டுல ஒரு பொண்ணுக் குழந்தைக்கு ரெண்டு நாளா ஜுரம், இன்னிக்கு இழுப்பு வந்துடுச்சு. பூசாரிகிட்ட எடுத்துனு போவப்போறாங்க. நீ சீக்கிரம் போ" என்றார். அதற்குள் என்னை 'சார்' என்று கூப்பிடுவதை விட்டிருந்தார். போனேன். டாக்டரிடம் சேர்த்தோம். டைரியில் எழுதி வைக்கவில்லை, அன்றைக்கே கையோடு தகவல் போயிற்று. அந்த மடல் வந்தபோது பார்த்தால் சுற்றுவட்டாரத்தில் அதே மாதம் வேறு ஊர்களிலும் குழந்தைகள் அப்படி விழுந்திருந்தார்கள், ஊருக்கு ஒன்றாக. கொசு மருந்துப் புகை வண்டி மூன்று நாளில் வந்தது. அந்தப் பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. இடது கை மட்டும் கொஞ்சம் சரியாக வரவில்லை. இப்போது செஞ்சிப் பக்கம் கல்யாணமாகி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.